முப்பத்தோராம் தாள்

5 ஜூன் 2023, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் மாடிக்கு ஏற்ற முடியாது என்றார். ஏற்ற வைத்தேன்.

மதியம் சுகந்தி போன் செய்தாள். நவநீதம் சாரின் மகள், பெங்களூரில் வேலை. சார் மார்ச்சில் காலமானதிலிருந்து காந்தி நகர் வீடு பூட்டிக் கிடக்கிறது. அவருடைய புத்தகங்களை அகமதாபாத்தில் ஒரு டிசைன் கல்லூரிக்குக் கொடுக்கப்போகிறாளாம். அறுநூறுக்குக் குறையாது, பாதிக்கு மேல் கம்பளம் பற்றியவை. ஜூலை பத்தாம் தேதி வண்டி வருகிறது, அதற்குள் பட்டியல் வேண்டும்.

"லைப்ரரியன்னா அப்பாவுக்கு நீங்க ஒருத்தர்தான் ஆன்ட்டி. அடிக்கடி உங்க பேரைச் சொல்வாரு" என்றாள்.

எவ்வளவு அடிக்கடி என்று நான் கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். ஓய்வுபெற்ற ஐந்து வருடத்தில் நான் போட்ட பட்டியல் எல்லாம் மளிகைப் பட்டியல்தான்.

7 ஜூன், புதன்

முதல் நாள். மூன்று கண்ணாடி அலமாரிகள். கூடத்தில் சுருட்டி வைத்த கம்பளங்களிலிருந்து நாப்தலீன் வாடை மூக்கைத் துளைக்கிறது. பெங்களூரிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் சுகந்தி காபி என்று ஒன்று கொடுத்தாள். நல்ல பெண், ஆனால் காபி போடத் தெரியவில்லை.

சார் பஜாரில் கம்பளமும் திரைச்சீலையும் விற்கும் கடை வைத்திருந்தவர். விற்றதைவிடப் படித்தது அதிகம். பாரசீகம், துருக்கி, காஷ்கர், சீனா என்று ஆசியா முழுவதன் கம்பளப் படங்களும் இங்கே அட்டைக்குள் கிடக்கின்றன. நூறு வருடத்துக்கு முந்தைய அச்சு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்லில் வரைந்து, ஒரே தாளைப் பத்துப் பன்னிரண்டு முறை அச்சில் கொடுத்து எடுப்பார்கள். ஒரு கல் மயிரிழை நகர்ந்தாலும் பூ ஒரு பக்கம், அதன் சிவப்பு ஒரு பக்கம் என்று போய்விடும். இவற்றில் எதுவும் நகரவில்லை.

இடது பக்க அலமாரியிலிருந்து தொடங்கினேன். மூன்றாவது பூட்டியிருக்கிறது. சாவி அதன் தலையிலேயே இருக்கிறது. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

10 ஜூன், சனி

வேலூர் கோட்டை வாசகர் சங்கச் செயலாளர் தயாபரன் வந்தார். முப்பத்திரண்டு வருடம் நான் நூலகராக இருந்த சங்கம். ஜூலை 9 அதற்கு நூற்றாண்டு விழா. எனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்களாம். ஐந்து நிமிடம் பேசவும் வேண்டும், விழா மலருக்கு ஒரு கட்டுரையும் வேண்டும்.

"ஞானாம்பிகை மேடம், அந்தக் கம்பளப் புத்தகம் திருடு போன கதையையும் ரெண்டு வரி எழுதிடுங்க. வாசகர்களுக்கு இன்ட்ரஸ்டா இருக்கும்."

விழா மலரில் திருட்டுக் கதை. இவர் முன்பு விளம்பரத் துறையில் இருந்தவர்.

11 ஜூன், ஞாயிறு

கட்டுரைக்காக எழுதியது:

"1988இல் ஓய்வுபெற்ற சிறை அதிகாரி ஒருவரின் குடும்பத்தார் சங்கத்துக்கு ஒரு பெரிய புத்தகத்தை அன்பளிப்பாகக் கொடுத்தனர். லண்டனில் 1890களில் அச்சான, ஆசியக் கம்பளங்களின் அறுபது வண்ணப் படங்கள் கொண்ட தொகுதி. வேலூர்ச் சிறையில் கைதிகள் நெய்த கம்பளம் ஒன்றின் படமும் அதில் இருந்தது. நூலகத்தில் வைத்தே பார்க்க வேண்டும், வெளியே தரக்கூடாது என்பது விதி. 1996இல் அது காணாமல் போனது. அலமாரிச் சாவியை வைத்திருந்த கடைநிலை ஊழியர் விசாரணைக்குப் பின் நீக்கப்பட்டார். புத்தகம் கிடைக்கவில்லை."

அவன் பெயர் முனிரத்தினம். மலரில் பெயர் வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். விசாரணையில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: சாவி யாரிடம் இருந்தது? முனிரத்தினத்திடம் என்று சொன்னேன். உண்மைதானே. இன்னொரு சாவி என்னிடம் இருந்ததும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை யாரும் கேட்கவில்லை.

14 ஜூன், புதன்

மழை. முழங்கால் வலி. இரண்டாவது அலமாரி முடிந்தது.

16 ஜூன், வெள்ளி

மூன்றாவது அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டில் மெத்தை உறைத் துணியில் சுற்றி இருந்தது. பிரிக்காமலே அளவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முழம் உயரம், நான்கு விரல் கனம்.

அதே புத்தகம்தான். தலைப்புத் தாள் மட்டும் இல்லை. பழைய புத்தகங்களில் முதலில் போவது தலைப்புத் தாள்தான், அதில் ஒன்றும் அதிசயம் இல்லை.

நூலகத்தில் வேலை செய்தவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. தலைப்புத் தாளில் போடும் முத்திரை ஊருக்கு. அதை எவனும் கிழித்துவிடலாம். அதனால் உள்ளே ஒரு ரகசியப் பக்கத்தில் இன்னொரு முத்திரை குத்துவோம். எந்தப் பக்கம் என்று வெளியே சொல்ல மாட்டோம். எங்கள் சங்கத்தில் முப்பத்தொன்று. இந்தப் புத்தகத்தில் பக்க எண் கிடையாது, படங்களுக்கு ரோமன் எண்கள்தான். முப்பத்தொன்றாம் படத்தை எடுத்தேன். துர்க்மேனியர் கம்பளம், கருஞ்சிவப்பில் எண்கோணங்கள். திருப்பினேன்.

வெள்ளைத் தாள். ஒரு புள்ளிகூட இல்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்தும் பார்த்தேன்.

இது சங்கத்துப் புத்தகம் இல்லை. சார் தனக்கென்று வாங்கியது. லண்டனுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன் என்று ஒருமுறை சொன்னார், எனக்கு நினைவிருக்கிறது. வெளிர்நீலச் சட்டை போட்டிருந்த அன்று.

வரும் வழியில் அரைக்கிலோ மக்கன்பேடா இனிப்பு வாங்கினேன். யாருக்கு என்று தெரியவில்லை. நானே சாப்பிட்டேன்.

17 ஜூன், சனி

இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. இனி எழுதினால் என்ன? நான் அஞ்ச வேண்டியது ஒன்றும் இல்லை என்று நேற்றுத் தெரிந்துவிட்டது.

1996 ஜனவரியில் அந்தப் புத்தகத்தை நவநீதம் சாருக்கு நான்தான் கொடுத்தேன். பதிவேட்டில் எழுதவில்லை. நான்கு நாள் என்றார். நாள் கடந்தும் நான் கேட்கவில்லை. தினம் மாலை ஐந்து மணிக்கு வந்து அதைப் பார்ப்பவர், சங்கம் மூடும்வரை பார்ப்பவர். "கம்பளத்த நடுவுல இருந்து பாக்கக் கூடாது ஞானா. புடவை மாதிரி, கரையில இருந்து பாக்கணும்" என்று எனக்குக் காட்டிக்கொடுத்தவர். என்னை ஞானா என்று கூப்பிட்டவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் என் அப்பா.

மார்ச்சில் கணக்கெடுப்பு வந்தது. புத்தகம் இல்லை. ஓடிப்போய்க் கேட்டேன். "அப்பவே திருப்பிக் குடுத்துட்டேனே. நீங்க இல்ல, உங்க அட்டெண்டர் கையிலதான் குடுத்தேன்" என்றார். முனிரத்தினத்தைக் கேட்டால் வரவேயில்லை என்றான். இரண்டு பேரில் ஒருவர் பொய். சாரை நம்ப எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. வெளியே கொடுத்ததை விசாரணையில் நான் சொல்லவில்லை. சொன்னால் என் வேலை போயிருக்கும், சாரின் பெயரும் இழுபட்டிருக்கும். திரும்பி வந்துவிட்ட புத்தகத்தைப் பற்றிச் சொல்வானேன் என்று இருந்துவிட்டேன்.

இப்போது சார் சொன்னது சரி என்று ஆகிவிட்டது. அவரிடம் இருந்தது அவருடைய புத்தகம். விதி ஒன்றை மீறினேன், அவ்வளவுதான். திருடியது முனிரத்தினம்தான்.

எழுதிவிட்டுப் படித்தால் சரியாகத்தான் இருக்கிறது.

22 ஜூன், வியாழன்

மேல்வீட்டு மங்கையர்க்கரசி மகள் கல்யாணம். மண்டப வாசலில் காக்கி உடையில் வாட்ச்மேன். முனிரத்தினம்.

எதிரே வந்தால் தெரு மாறிப் போகிறவள் நான். இருபத்தேழு வருடமாக அப்படித்தான். இன்று மாறவில்லை. மனசு லேசாக இருந்தது, நான்கு வார்த்தை பேசி மன்னித்ததுபோல் ஆகட்டும் என்று நினைத்தேன். இப்படி நினைத்ததை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன்.

"இன்னா மேடம், நல்லா கீறீங்களா?" என்று எழுந்து நின்றான். தலை முழுக்க நரைத்துவிட்டது. அறுபத்தேழு இருக்கும். அஞ்சாம் வகுப்பு படித்தவன் என்றாலும் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. சங்கத்தில் அந்தக் காலத்து ஆட்கள் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று பேச்சு போயிற்று. இப்போது புத்தகத்துக்கெல்லாம் கம்ப்யூட்டர் பட்டை ஒட்டுகிறார்கள் என்றேன்.

"அப்ப சீல் குத்தறது கெடையாதா? நான் எத்தினி ஆயிரம் குத்தியிருப்பேன் மேடம்! முப்பத்தியொண்ணு, முப்பத்தியொண்ணுன்னு தூக்கத்துலகூட வரும்."

"நம்பர் போடாத புக்கெல்லாம் எப்படிக் குத்துவீங்க?" என்று ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"ஒண்ணு ரெண்டு இருந்தா படிப்பேன். அந்த எக்ஸு, ஐயி போட்டதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? பேரு போட்ட தாள வுட்டுட்டு, தாளத் தாளா எண்ணுவேன். முப்பத்தியொண்ணாவது தாளு எது வருதோ அதுல குத்திட வேண்டியதுதான். படத்துக்கு முன்னால வெங்காயச் சருகு மாதிரி ஒண்ணு வெச்சிருப்பாங்களே, அதயும் சேத்துத்தான். அதுவும் தாளுதானே மேடம்?"

தாள்தான் என்றேன். பந்தியில் உட்கார்ந்தேன். என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது.

23 ஜூன், வெள்ளி

காலை எட்டு மணிக்கே போய்ச் சுகந்தியை எழுப்பினேன்.

அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு படத்தின் மேலும் மை ஒட்டாமல் இருக்க மெல்லிய தாள் ஒன்று உண்டு. சருகு, படம், சருகு, படம். எண்ணினேன். இரண்டு முறை எண்ணிக்கை விட்டுப்போய் முதலிலிருந்து எண்ணினேன். முப்பத்தொன்றாவது தாள், பதினாறாம் படத்தின் மேல் கிடக்கும் சருகு.

கீழ் மூலையில் ஊதா முட்டை வடிவம். கோட்டை வாசகர் சங்கம், வேலூர். ஒரு பக்கம் அழுந்தி, ஒரு பக்கம் தேய்ந்து, முனிரத்தினம் குத்தும் அதே கோணல்.

பிறகு தலைப்புத் தாள் இருந்த இடத்தைப் பார்த்தேன். கிழியவில்லை. அளவுகோல் வைத்து பிளேடால் நறுக்கியிருக்கிறது. எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் அவ்வளவு நேராக நறுக்கக்கூடியவர் ஒருவர்தான்.

24 ஜூன், சனி

போகவில்லை. காய்ச்சல் என்று சுகந்தியிடம் சொன்னேன். காய்ச்சல் இல்லை.

சார் திருப்பித் தரவே இல்லை. என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். அதன் பிறகும் சங்கத்துக்கு வந்தார். முனிரத்தினம் இல்லாத வாசலைத் தாண்டித்தான் வந்தார். எனக்குப் பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினார். பதினேழு அட்டை. அவற்றை என்ன செய்வது என்று தெரியவில்லை. கோபமாக வருகிறது. அவர் மேல் ஒரு பங்கு, மீதியெல்லாம் என் மேல்.

26 ஜூன், திங்கள்

சுகந்தியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல. உன் அப்பாவிடம் இருப்பது சங்கத்துப் புத்தகம், நான்தான் கொடுத்தேன் என்று மட்டும். அவள் கம்பளச் சுருளின் மேல் உட்கார்ந்தாள்.

"அப்பா இனிமே வந்து பதில் சொல்லப்போறதில்ல ஆன்ட்டி. பேசாம ஒரு பார்சல்ல கட்டி லைப்ரரிக்கு அனுப்பிடலாமே. யாரு, எங்கிருந்துன்னு எழுத வேண்டாம்."

அந்த யோசனை எனக்கும் சனிக்கிழமையே வந்துவிட்டது. புத்தகம் வீடு சேரும், யாருக்கும் கெட்ட பெயர் இல்லை. சங்கத்துக்குப் போய் தயாபரனிடம் மெல்லப் போட்டுப் பார்த்தேன். ஒரு பேச்சுக்குத்தான்: அந்தக் கம்பளப் புத்தகம் யாராவது கம்பள வியாபாரி வீட்டிலிருந்து திரும்பி வந்தால்?

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சூப்பர் மேடம்! அப்ப அந்த அட்டெண்டர் வித்ததுக்கு ப்ரூஃபே கெடைச்ச மாதிரி. மலர்ல ஒரு பக்கம் போட்டுடலாம்."

புத்தகம் சும்மா திரும்பினால் முனிரத்தினம் இரண்டாவது முறை திருடனாவார். முத்திரையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. புத்தகம் யாருடையது என்று மட்டும்தான் அது சொல்லும். எப்படி வெளியே போனது என்று சொல்ல உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான்.

30 ஜூன், வெள்ளி

கடிதம் எழுதினேன். முதல் பிரதியில் "கவனக்குறைவால்" என்று ஒரு சொல் இருந்தது. அடித்தேன். இரண்டாவதில் "அன்றைய சூழ்நிலையில்". அதையும் அடித்தேன். மூன்றாவது ஒன்பது வரி. புத்தகத்தை நான் வெளியே கொடுத்தேன், பதியவில்லை, விசாரணையில் மறைத்தேன், அது முனிரத்தினத்தின் கைக்குத் திரும்பவே இல்லை.

நவநீதம் சார் பெயரையும் எழுதினேன். அந்த வரியில்தான் அதிக நேரம் ஆனது.

2 ஜூலை, ஞாயிறு

பட்டியல் முடிந்தது. 614 தலைப்புகள். ஒன்று கழிய 613.

சுகந்தி அந்தப் புத்தகத்தைத் துணியோடு என் கையில் கொடுத்தாள். கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். அப்பா பெயர் வந்த வரியில் நிறுத்தி, மறுபடி படித்தாள். "இருக்கட்டும் ஆன்ட்டி" என்றாள். அழுதாள். நானும்தான்.

3 ஜூலை, திங்கள்

ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். புத்தகத்தையும் கடிதத்தையும் தயாபரன் மேஜையில் வைத்து, வந்ததற்கு அத்தாட்சியாகப் பிரதியில் கையெழுத்துக் கேட்டேன்.

அவர் ஒன்பது வரியையும் படித்து முடித்தபோது அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, கலெக்டர் வருகிறார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. ஒம்போதாம் தேதி முடியட்டும். அப்புறமா கமிட்டியில வெச்சு சத்தமில்லாம..."

"அவரை வெளியே அனுப்பும்போது நோட்டீஸ் போர்டுல ஒட்டினோம் சார். இதையும் அங்கயே ஒட்டுங்க. இல்லைன்னா எனக்குக் குடுத்திருக்கற அஞ்சு நிமிஷத்துல மைக்கில நானே படிச்சிடறேன்."

"பொன்னாடை?"

"நல்ல பட்டா இருந்தா கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவான்."

கையெழுத்துப் போட்டார். போர்டில் ஊசி குத்தி மாட்டும்வரை நின்றேன். மூன்று பேர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் எழுந்து வரவில்லை.

4 ஜூலை, செவ்வாய்

வேலூர்ச் சைதாப்பேட்டையில் முனிரத்தினத்தின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். ஒற்றை அறை, முன்னால் தகரச் சாய்ப்பு. அவர் சட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவர் மனைவி கன்னியம்மா, நான் பார்த்ததேயில்லை, உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தோன்றியது.

கடிதத்தின் பிரதியைப் படித்தேன். ஒன்பது வரியும். என் குரல் எங்கேயும் உடையவில்லை, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

முனிரத்தினத்திடமிருந்து வசை வரும் என்று எதிர்பார்த்தேன், வர வேண்டும் என்றுகூட விரும்பினேன்.

"பொஸ்தகம் நல்லா கீதா மேடம்?" என்றார்.

"நல்லா இருக்கு. பேரு போட்ட தாள் மட்டும் இல்ல."

தலையாட்டினார். கன்னியம்மாதான் கீரைக் காம்பு ஒட்டிய கையோடு எழுந்து வந்தார்.

"அப்ப இவரு எடுக்கலியா?"

"எடுக்கலம்மா."

"இவரு அப்பவே சொன்னாரு. சாமி படத்து மேல அடிச்சி சொன்னாரு. நான் நம்பல மேடம்." அவர் என்னைத் திட்டுகிறாரா, தன்னையா என்று தெரியவில்லை. "வேலையில இருந்த வரைக்கும் தெனம் வூட்டுக்கு வந்தா உங்க பேச்சுதான். எங்க மேடம் ஒரு வார்த்த பொய் சொல்ல மாட்டாங்க, பொய் சொல்ல மாட்டாங்கன்னு. அப்பேர்ப்பட்ட மேடமே சாவி இவருகிட்ட இருந்துச்சின்னு சொன்னாங்கன்னா, நான் இன்னா பண்ணட்டும்? எங்க அக்கா வூட்டுக்குப் போனா இவர உள் ரூமுக்கு வுட மாட்டேன். எதனா எடுத்துடுவாருன்னு வெளியவே ஒக்கார வெச்சிடுவேன். இருபத்தியேழு வருசமும் வெளியவேதான் ஒக்காந்தாரு. ஏன்னு ஒரு நாளு கேக்கல."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முனிரத்தினம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சங்கம், போர்டு அதெல்லாம் கெடக்கட்டும் மேடம். அந்தக் காயிதத்த மடிச்சி வெச்சிட்டு, வாயால இவகிட்ட இன்னொரு வாட்டி சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க."

கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன்.

"முனிரத்தினம் எடுக்கல. நான்தான் எடுத்துக் குடுத்தேன். நான்தான் பொய் சொன்னேன்."

கன்னியம்மா என்னைப் பார்க்கவில்லை. தன் கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.